மண்வெட்டியும் பாடப்புத்தகமும்

மலைநாட்டின் சரிவுகளிலிருந்து இறங்கி வரும் மகாவலி கங்கையின் கரையிலே கம்பளை நகர் அமைந்திருக்கின்றது. பதினான்காம் நூற்றாண்டிலே கங்காசிரிபுரம் என்னும் பெயருடன் சிங்கள மன்னரின் தலைநகராய் விளங்கிய ஊர் அது. இன்று அதன் கடைத்தெருவிலே சிங்களமும் தமிழும் ஒருங்கே ஒலிக்கின்றன. விகாரையும் பள்ளிவாசலும் கோவிலும் கிறித்தவ ஆலயமும் அருகருகே நிற்கின்றன. ஊரைச் சூழ்ந்த குன்றுகளிலே தேயிலைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. சந்தையிலே ஒன்றாய்க் கூடும் இம்மக்களின் பிள்ளைகளோ, காலையில் பாடசாலை மணி அடித்ததும் வெவ்வேறு வாயில்களுக்குள் நுழைகின்றனர். சிங்கள மொழிமூலப் பாடசாலை ஒரு புறம். தமிழ் மொழிமூலப் பாடசாலை மறு புறம். முதலாம் வகுப்பிலிருந்து பதின்மூன்றாம் வகுப்புவரை கற்று வெளியேறும் ஒரு மாணவன், அடுத்த தெருப் பாடசாலையின் மாணவன் ஒருவனோடு சேர்ந்து ஒரு நாளாவது ஒரு வேலையைச் செய்திருப்பானா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை என்பதே விடையாகும்.

பாடவேளை முடிந்தபின் பாடசாலைகளில் வேறொரு வாழ்வு தொடங்குகின்றது. சாரணர் படை, பெண் சாரணியர் குழு, முதலுதவிப் படை, லியோ கழகம், இன்ரறக்ற் கழகம், மத்திய சுற்றாடல் அதிகார சபையின் ஆதரவில் இயங்கும் சுற்றாடல் முன்னோடிகள், இலக்கிய மன்றம் எனப் பல சங்கங்கள் நாட்டின் பாடசாலைகள் பலவற்றில் உள்ளன. இவற்றிலே சேரும் பிள்ளைகளுக்குச் சீருடை உண்டு, சின்னம் உண்டு, தலைவர், செயலாளர், பொருளாளர் என்னும் பதவிகளும் உண்டு. இவையெல்லாம் இருந்தும், ஊருக்கு என்ன செய்தார்கள், ஊரிடமிருந்து என்ன கற்றார்கள் என்னும் இரு கேள்விகளுக்கும் விடை இல்லையாயின், அச்சங்கம் பெயரளவிற் சங்கமே அன்றிப் பயனளவிற் சங்கம் ஆகாது.

இத்தகைய இயக்கங்களுக்குக் கண்டிச் சீமை புதிய நிலம் அன்று. இலங்கையின் முதற் சாரணர் படை 1912-ஆம் ஆண்டிலே மாத்தளையிலுள்ள கிறைஸ்ட் சேர்ச் கல்லூரியில் தோன்றியது. இந்நாட்டின் முதற் பெண் சாரணியர் குழு 1917-இல் கண்டி மகளிர் உயர்தரப் பாடசாலையில் உருவாயிற்று. பின்னாளில் வந்த லியோ கழகம் 1957-இலும், இன்ரறக்ற் கழகம் 1962-இலும் அமெரிக்க உயர்நிலைப் பாடசாலைகளிலே பிறந்து உலகெங்கும் பரவியவை. வெளிநாட்டிலிருந்து வந்த விதையும் உள்ளூர் மண்ணிலே வேர் பிடிக்கலாம். ஆனால் இம்மண்ணிலேயே முளைத்த விதை ஒன்றும் உண்டு. அதனை அறிந்தவர் இன்று மிகச் சிலரே.

உடுநுவரைப் பகுதியிலே கந்தேசை என்னும் சிற்றூர் இருக்கின்றது. கம்பளை அரசர் காலத்தில் எழுந்த கடலாதெனிய, இலங்காதிலக விகாரைகளும், மரச் செதுக்கலுக்குப் பேர்பெற்ற எம்பெக்கத் தேவாலயமும் அந்தச் சுற்றுப்புறத்திலேயே உள்ளன. 1930-களின் தொடக்கத்தில், சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராய் இருந்த காலத்திலே, கிராமியக் கல்வித் திட்டம் ஒன்று அவ்வூரை மையமாகக் கொண்டு தொடங்கப்பட்டது. கந்தேசைத் திட்டம் என்றே அது பெயர் பெற்றது. பிள்ளையின் சுற்றாடலையே பாடத்தின் தொடக்கமாகக் கொள்வது அதன் அடிப்படை. உழவு, கைப்பணி, உடல்நலம் முதலியன பாடசாலைக்கு வெளியே நிற்கும் வேலைகளாகக் கருதப்படாமல், எழுத்தோடும் எண்ணோடும் இணைந்த கல்வியாகவே கருதப்பட்டன. காந்தியடிகளின் ஆதாரக் கல்வி பற்றிய வார்தா மாநாடு 1937-இல் நடைபெற்றது. அதற்கு முன்னரே அதனோடு ஒத்த எண்ணம் ஒன்று மகாவலிக் கரைக்கு அண்மையில் செயல் வடிவம் பெற்றிருந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

அத்திட்டம் ஏன் நிலைக்கவில்லை? 1940-களிலே மத்திய பாடசாலைகள் எழுந்தன. 1945 ஒக்டோபர் முதல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. நகரத்துப் பிள்ளை கற்ற கல்வியையே கிராமத்துப் பிள்ளையும் கற்க வேண்டும் என்று பெற்றோர் விரும்பினர். நகரத்துப் பிள்ளைக்குப் புத்தகம், கிராமத்துப் பிள்ளைக்கு மண்வெட்டியா என்னும் ஐயம் நியாயமானதே. தமிழ்நாட்டிலும் இதே ஐயம் வேறொரு வடிவில் வெடித்தது. 1953-இல் சென்னை மாகாண முதலமைச்சர் இராஜாஜி, தொடக்கப் பாடசாலைப் பிள்ளைகள் நாளின் ஒரு பகுதியை வகுப்பிலும் மறு பகுதியைப் பெற்றோரின் தொழிலிலும் கழிக்குமாறு ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தார். குலக்கல்வித் திட்டம் என்று எதிர்ப்பாளர் அதற்குப் பெயரிட்டனர். 1954-இல் காமராசர் முதலமைச்சரானபின் அது கைவிடப்பட்டது.

இவ்விரு வரலாறுகளும் உணர்த்தும் பாடம் ஒன்றே. மண்வெட்டி இழிவானது அன்று. அதனைச் சிலர் கையில் மட்டும் திணிப்பதே இழிவு. வேலை பிறப்பைப் பார்த்துப் பங்கிடப்படுமாயின் அது கல்வி ஆகாது. எல்லாப் பிள்ளைகளும் சமமாய் ஏந்தும்போதுதான் மண்வெட்டியும் ஒரு பாடப்புத்தகம் ஆகின்றது. தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள் கற்கும் பாடசாலைகளைச் சூழக் கொண்ட கம்பளைக்கு இது மிகவும் பொருந்தும். சங்கத்தின் செயலாளர் மேடையில் அறிக்கை வாசிக்க, கூட்டுவதும் அள்ளுவதும் எப்போதும் ஒரே சில பிள்ளைகளின் பொறுப்பாய் இருக்குமாயின், அங்கே சேவை நடைபெறவில்லை. பழைய ஏற்றத்தாழ்வே புதிய சீருடை அணிந்து நிற்கின்றது.

இந்த உண்மையைத் தெளிவாய் உணர்ந்து செயற்பட்ட ஒரு பாடசாலை முயற்சி இந்நாட்டில் உண்டு. கொழும்பு நாலந்தாக் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்த இளம் ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன, 1958 டிசம்பரிலே 40 மாணவரையும் 12 ஆசிரியரையும் அழைத்துக்கொண்டு குருநாகல் மாவட்டத்துக் கனத்தொலுவ என்னும் சிற்றூருக்குச் சென்றார். சாதியின் பெயரால் ஊரவர் ஒதுக்கிவைத்திருந்த மக்கள் வாழ்ந்த ஊர் அது. அவ்வூரைத் தேர்ந்தெடுத்ததே முதற் பாடம். மாணவர் அங்கேயே தங்கினர். அம்மக்களோடு சேர்ந்து உழைத்தனர். உழைப்பைத் தானமாய்க் கொடுத்தல் என்னும் பொருளில் அது சிரமதானம் எனப்பட்டது. அந்த முகாமிலிருந்து வளர்ந்ததே சர்வோதய சிரமதான இயக்கம். 1969-இல் ஆரியரத்ன மக்சேசே விருது பெற்றார். 2024 ஏப்ரலில் மறைந்தார். இன்று நாடெங்கும் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒருபோல வழங்கும் சிரமதானம் என்னும் சொல்லின் பின்னணியில், ஒரு பாடசாலையின் 40 மாணவர் நிற்கின்றனர்.

கனத்தொலுவவுக்குச் சென்ற மாணவர் ஈகை செய்யச் சென்றவர்கள் அல்லர். பொதி ஒன்றைக் கையிற் கொடுத்துப் படம் பிடித்துக்கொண்டு மாலைக்குள் திரும்பியிருந்தால், கொடுத்தவர் மேலும் உயர்ந்தவராகவும் பெற்றவர் மேலும் தாழ்ந்தவராகவும் ஆகியிருப்பர். தங்கி உழைத்ததனால் அந்த மேடு பள்ளம் சிறிதேனும் சமமாயிற்று. இதுவே ஈகைக்கும் சேவை வழிக் கல்விக்கும் உள்ள வேற்றுமை. ஈகையிலே கற்பவர் எவரும் இல்லை. சேவை வழிக் கல்வியிலே சேவை பெறுவோரே ஆசிரியர், செய்வோர் மாணவர்.

தமிழ் மக்கள் வாழும் மற்றொரு நாடான சிங்கப்பூரின் அனுபவமும் இங்கே பயன்படும். 1997-இலே அங்கு சமூக ஈடுபாட்டுத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. ஒவ்வொரு மாணவரும் ஆண்டுக்கு ஆறு மணி நேரம் சமூகப் பணி செய்ய வேண்டும் என்பது விதி. விதி இருந்தால் மணிக் கணக்கும் இருக்கும். மணிக் கணக்கு இருந்தால் அதனை எப்படியேனும் நிரப்பிவிடும் வழக்கமும் வந்து சேரும். 2012-இல் அத்திட்டத்திற்குப் பதிலாக, செயலில் நற்பண்பு என்னும் நோக்குடைய வேறொரு திட்டம் வந்தது. அதில் எத்தனை மணி என்பதைவிட, பிள்ளை எதனை உணர்ந்தது, எதனைச் சிந்தித்தது என்பதற்கே முதன்மை தரப்பட்டது. சேவையை நிறுத்தல் அளவையால் அளக்க முடியாது என்பதை ஒரு நாடே பதினைந்து ஆண்டுகளிற் கண்டறிந்தது எனலாம்.

கம்பளைக்கு இத்தகைய கல்வி வெறும் நற்பண்புப் பயிற்சி அன்று. உயிரோடு தொடர்புடைய தேவையாகும். 1947 ஆகஸ்டில் மகாவலி பெருக்கெடுத்துக் கம்பளையைத் தாக்கியது. முதியோர் நினைவில் அவ்வெள்ளம் நெடுங்காலம் நிலைத்திருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைக் கடந்தபோது, நாடெங்கும் 600-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கண்டி மாவட்டமே மிகப் பெரிய இழப்பைச் சந்தித்தது. கம்பளையிலே நீர் வடிந்தபின் வீடுகளிலும் கடைகளிலும் சேறு நிறைந்து கிடந்தது. பிற ஊர்களிலிருந்தும் தொண்டர்கள் வந்து சேற்றை அள்ளினர். ஒரு வீட்டைத் துப்புரவு செய்வதற்குப் பத்துப் பேருக்கு ஒரு முழுநாள் வேண்டும் என்று அப்பணியில் ஈடுபட்டோர் அப்போது கணக்கிட்டனர்.

இந்தச் சிறு கணக்கை ஒரு வகுப்பறைக் கரும்பலகையில் எழுதிப் பார்த்தல் நன்று. நாற்பது பேர் சேர்ந்தால் ஒரு நாளில் நான்கு வீடுகள். ஒரு தெருவில் அறுபது வீடுகள் இருப்பின், அந்நாற்பது பேருக்கும் பதினைந்து நாட்கள். எந்த வீட்டை முதலில் எடுப்பது? முதியோர் தனித்து வாழும் வீட்டையா, கைக்குழந்தை உள்ள வீட்டையா, கேட்டுக் குரல் எழுப்பியவரின் வீட்டையா? இக்கேள்வியிலே கணிதமும் இருக்கின்றது, குடியியலும் இருக்கின்றது, அறமும் இருக்கின்றது. எந்தப் பரீட்சை வினாத்தாளும் இவ்வளவு செறிவான வினா ஒன்றைத் தந்துவிட முடியாது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை அவசியம். வெள்ளச் சேற்றை அள்ளும் முதல்நாள் வேலைக்குப் பிள்ளைகளை அனுப்புதல் தகாது. சேற்றிலே உடைந்த கண்ணாடியும் ஆணியும் மறைந்திருக்கும். எலிக்காய்ச்சலுக்கு ஏதுவான கிருமிகள் காலிலுள்ள சிறு காயத்தின் வழியாகவும் உடலுக்குட் செல்லும். இடிந்த சுவரும் நனைந்த மலைச்சரிவும் எந்நேரத்திலும் சரியலாம். அவ்வேலை பயிற்சியும் காலணியும் கையுறையும் உடைய பெரியோருக்கு உரியது. பிள்ளைகளுக்குப் பொருத்தமான வேறு பணிகள் உண்டு. பாடப்புத்தகம் இழந்த பிள்ளைகளின் பெயர்களைத் திரட்டுதல், குடிநீரைக் கொதிக்கவைத்துப் பருகும் முறையை வீடுதோறும் விளக்குதல், நனைந்த நூலகப் புத்தகங்களை உலர்த்தி ஒழுங்குசெய்தல் ஆகியன அத்தகையவை. பெற்றோரின் இசைவும் ஆசிரியரின் துணையும் இன்றி ஒரு பிள்ளையும் பாடசாலை வாயிலைத் தாண்டலாகாது. துணிவு வேறு, பொறுப்பின்மை வேறு.

வெள்ளம் வருமுன் செய்யக்கூடிய சேவை இதனினும் சிறந்தது. மண்சரிவு அபாயம் உள்ள இடங்களைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கண்காணித்து வருகின்றது. ஓரிடத்தில் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாய் இருத்தல் வேண்டும். 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாதல் வேண்டும். 150 மில்லிமீற்றரை அடைந்தால் அபாயப் பகுதியை விட்டு வெளியேறுதல் வேண்டும் என்பது அந்நிறுவனம் வகுத்துள்ள அளவுமுறை. இந்த எண்கள் பிள்ளைகளுக்குப் பொருள்படுமாறு விளக்கப்படலாம். ஒரு மில்லிமீற்றர் மழை என்பது ஒரு சதுர மீற்றர் நிலத்தின்மேல் ஒரு லீற்றர் நீர். அவ்வாறாயின் கால் ஏக்கர் சரிவின்மேல் 150 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஏறத்தாழ 150 தொன் நீர் இறங்குகின்றது. அத்தனை பாரத்தையும் அந்தச் செம்மண் தாங்குமா என்று ஒரு பிள்ளை கேட்கத் தொடங்கினால், புவியியற் பாடம் உயிர் பெற்றுவிட்டது என்று பொருள்.

மழைமானி வைப்பதற்குப் பெரும் செலவு தேவையில்லை. பக்கங்கள் நேராய் அமைந்த ஒரு பாத்திரமும் ஓர் அளவுகோலும் திறந்த வெளியும் போதும். கம்பளையைச் சுற்றியுள்ள தோட்டப் பாடசாலைகளிலும் கிராமப் பாடசாலைகளிலும் மாணவர் சங்கம் ஒவ்வொன்றும் நாள்தோறும் ஒரே நேரத்தில் மழையை அளந்து குறித்துவைக்கலாம். நிலத்திலே புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனத் தோன்றும் ஊற்று, தெளிந்த ஊற்று நீர் கலங்குதல், சுவரிலே விரியும் பிளவு ஆகியன மண்சரிவின் முன்னறிகுறிகள் என்பதை வீட்டாருக்கு எடுத்துச் சொல்லலாம். அரச எச்சரிக்கைக்கு இது மாற்று அன்று. அவ்வெச்சரிக்கையின் பொருளை ஊர் உணர்வதற்கு ஏற்ற பயிற்சி. இதிலே அயர்வு கூடாது. மழை இல்லாத நாளிலும் சுழியத்தைக் குறித்துவைக்கும் பொறுமையே விஞ்ஞானத்தின் முதற்படி.

இவ்விடத்திலேதான் மொழியின் பங்கு தெளிவாகின்றது. 2025 பேரிடரின்போது எச்சரிக்கைகள் தமிழிலே உரிய வேளையில் போதிய அளவு கிடைக்கவில்லை என்னும் குறை பரவலாய் எழுந்தது. நீர் எவருடைய மொழியையும் கேட்டு வருவதில்லை. மேற்சரிவிலுள்ள தோட்டத்தில் தமிழ்ப் பிள்ளை அளந்த மழை, கீழேயுள்ள சிங்களக் கிராமத்திற்கும் ஆற்றோரத்து முஸ்லிம் குடியிருப்பிற்கும் உரிய செய்தி. மேலே கான் அடைபட்டால் கீழே வீடு மூழ்கும். ஆகவே, இரு மொழிமூலப் பாடசாலைகளின் சங்கங்கள் ஒரே பதிவேட்டை இரு மொழியிலும் எழுதுமாயின், அதுவே இரண்டாம் மொழிப் பாடத்தின் சிறந்த வகுப்பாகும். மழை, வெடிப்பு, வெளியேறுக என்னும் சொற்களைப் பரீட்சைக்காகக் கற்றவர் மறப்பர். அயலவரின் உயிருக்காகக் கற்றவர் மறவார். நட்பு வேண்டும் என்று விழா எடுத்து அறிவுறுத்துவதைவிட, இரு பாடசாலைப் பிள்ளைகள் ஒரு பணியிலே ஈடுபட்டு ஒருவர் குறிப்பை மற்றவர் சரிபார்ப்பது பலமடங்கு பயன் தரும்.

தொடர்ச்சி இல்லாத சேவை பயன் தராது என்பதற்கு நுளம்பே சான்று. 2017-இலே இலங்கையில் 186,000-க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயால் பீடிக்கப்பட்டனர். 400-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தேங்கிய நீரிலே முட்டை பொரித்து நுளம்பாய்ப் பறப்பதற்கு ஏறத்தாழ ஒரு வாரமோ பத்து நாளோ போதும். ஆண்டுக்கொரு முறை பதாகை பிடித்து நடத்தும் சிரமதானம் அந்த ஒரு வாரத்து நுளம்புகளை மட்டுமே ஒழிக்கும்; அடுத்த வாரத்து நுளம்புகளுக்கு அது ஒரு செய்தியும் அன்று. வாரந்தோறும் அரைமணி நேரம் சிரட்டை, பூச்சாடித் தட்டு, கூரைப் பீலி, பழைய ரயர் ஆகியவற்றைப் பார்வையிட்டு, எத்தனையில் குடம்பி கண்டது என்று எண்ணிக் குறிக்கும் சிறு குழு, அந்தப் பெருங்கூட்டத்தினும் மேலானது. எண்ணிக்கை வாரத்திற்கு வாரம் குறைகின்றதா? குறையவில்லையாயின் ஏன்? இக்கேள்வி எழும் இடத்திலேயே சேவை கல்வியாக மாறுகின்றது.

ஆகவே மாணவர் சங்கம் ஒன்றின் பணி மூன்று படிகளாய் அமைதல் வேண்டும். முதற்படி கேட்டல்: ஊருக்கு என்ன தேவை என்பதை ஊரவரிடமே கேட்டறிதல். இரண்டாம் படி செய்தல்: பதவியும் பிறப்பும் பாராமல் எல்லோரும் ஒரே வேலையை மாறி மாறிச் செய்தல். மூன்றாம் படி திரும்பிப் பார்த்தல்: செய்தது பயன்பட்டதா என்று எண்ணிப் பார்த்து, பிழையிருப்பின் ஊரவர் முன்னிலையில் ஒப்புக்கொண்டு திருத்துதல். நடைமுறையிலே பெரும்பாலும் இரண்டாம் படி மட்டுமே நடைபெறுகின்றது. முதலாம் படி விடுபட்டால் தேவையற்ற வேலை நடக்கும். மூன்றாம் படி விடுபட்டால் நடந்த வேலையும் நினைவின்றி மறையும்.

தடைகள் இல்லாமல் இல்லை. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலிலிருந்து உயர்தரப் பரீட்சைவரை பிள்ளையின் வாழ்வு பரீட்சைகளால் நெருக்குண்டு கிடக்கின்றது. பாடசாலை முடிந்ததும் தனியார் வகுப்பு காத்திருக்கின்றது. தோட்டத்துப் பிள்ளையோ மாலை மங்குமுன் நெடுந்தூரம் மலையேறி வீடு சேர வேண்டும். பெண் பிள்ளைகளின் பெற்றோருக்கு அச்சம் உண்டு. இவற்றைப் புறக்கணித்துவிட்டுச் சேவையைப் போற்றிப் பேசுதல் எளிது. ஆனால் சேவை பாடத்திற்குப் போட்டியாய் வராமல் பாடத்தின் உள்ளேயே வருமாயின் தடை பாதியாய்க் குறையும். மழைக் குறிப்பு புவியியல் வேளைக்கும், குடம்பிக் கணக்கு விஞ்ஞான வேளைக்கும், வீட்டுப் பட்டியல் கணித வேளைக்கும், இருமொழி அறிவித்தல் மொழி வேளைக்கும் உரியவை. அப்போது மாலைப் பொழுதை இழக்க முடியாத பிள்ளையும் பங்கு பெறும்.

அதிபரும் ஆசிரியரும் கம்பளைக் கல்வி வலய அதிகாரிகளும் மனம் வைத்தால் இதற்குப் புதிய சுற்றுநிருபம் ஒன்றும் வேண்டியதில்லை. கந்தேசையிலே அன்று எண்ணியதும், கனத்தொலுவவிலே 40 மாணவர் செய்ததும் முன்மாதிரியாய் இருக்கின்றன. ஒன்று பாடத்தை ஊரோடு இணைத்தது. மற்றொன்று உழைப்பைச் சமத்துவத்தோடு இணைத்தது. முன்னதைச் சிலருக்கு மட்டும் உரிய கல்வி என்று ஒதுக்காமல், பின்னதை ஆண்டு விழாவாய்ச் சுருக்காமல், இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும் பாடசாலையே அடுத்த மழைக்கு ஆயத்தமான பாடசாலை. அந்த மழை எந்த ஆண்டில் வரும் என்பதை எவரும் கூற முடியாது. அது வரும் நாளில், மேட்டிலிருந்து ஒரு பிள்ளை தன் மொழியில் கூறும் எச்சரிக்கையைப் பள்ளத்திலுள்ள மற்றொரு பிள்ளை தன் மொழியில் வீட்டாருக்குச் சொல்லக் கூடுமா என்பதே, கம்பளையின் பாடசாலைகள் எழுத வேண்டிய பரீட்சை.